ராஜபார்ட் அக்காவின் ஞாயிற்றுக்கிழமைகள்

அவருடைய மேலுதட்டுக்கு மேலே இருந்த தோல் மட்டும் முகத்தின் மற்ற இடங்களைப் போல இருக்காது. லேசாகத் தடித்து, கறுத்து, பளபளவென்று இருக்கும். தீக்காயம் என்றுதான் முதலில் நினைத்தேன். பதினைந்து வருடம் பசை தடவி மீசை ஒட்டி, ஒட்டியதைப் பிய்த்தெடுத்த இடம் அது என்று பிறகுதான் தெரிந்தது.

அறுபதுகளின் கடைசியில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரேடியோவுக்குக் கம்பிச்சுருள், அதாவது காயில், சுற்றும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பக்கத்து மேஜை அவருடையது. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். மயிரிழை போன்ற செப்புக் கம்பியை அறுந்துபோகாமல் சுற்றிக்கொண்டே பேசுவார். மெதுவாகப் பேசுவது மட்டும் அவருக்கு வராது. எத்தனை இயந்திரம் ஓடினாலும் அவர் குரல் கடைசி மேஜை வரைக்கும் தெளிவாகக் கேட்கும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்கப் பாடிய தொண்டை அது.

நாடகத்தில் கதாநாயக வேடத்தை ராஜபார்ட் என்பார்கள். அதைப் பெண்ணாக இருந்து கட்டியவர் அவர். கிரீடமும் மீசையுமாக மேடையேறி முதல் பாட்டை எடுத்தால், அது முடிவதற்குள் இரண்டு முறை கைதட்டி நிறுத்துவார்களாம். நோட்டீசில் அவர் படம் பெரிதாகவும் மற்றவர்கள் படம் சுற்றிலும் சின்னதாகவும் இருக்குமாம். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் ராஜபார்ட் அக்கா. அந்தப் பெயர் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் தொழிற்பேட்டைக்கு வெளியே யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார்.

காரணத்தை ஒரு மழைநாளில், சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். அவர்கள் குழுவில் மிருதங்கம் வாசித்தவரைத்தான் அவர் கல்யாணம் செய்துகொண்டார். பெண் குழந்தை பிறந்து எட்டாவது மாதத்தில் கணவர் காய்ச்சலில் போய்விட்டார். ஊர் ஊராக முகாம் போட்டு ஆடுகிற பிழைப்பில் கைக்குழந்தையை எங்கே வைத்துக்கொள்வது? ஆவடியில் இருந்த தங்கைக்குக் குழந்தை இல்லை. அவளிடம் விட்டார். வருடத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை வந்து பார்ப்பார். அப்படி ஒரு முறை வந்தபோது, ஆறு வயதுப் பெண் அவரைக் கண்டதும் தங்கையின் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"ஆயிரம் பேரு எதிர்ல நின்னுக்கீறேன். ஒரு நாளும் பயந்ததில்ல. அந்தக் கொழந்த மூஞ்சப் பாத்துதான் பயந்துட்டேன்" என்றார்.

ஒப்புக்கொண்டிருந்த நாடகங்களை முடித்துக் கொடுத்துவிட்டு, பேரும் புகழும் இருக்கும்போதே மேடையை விட்டு வந்துவிட்டார். ஆவடியிலேயே இருக்கத்தான் ஆசை. தங்கைக்கு அதில் பயம் இருந்தது. தங்கை கெட்டவள் இல்லை. ஆடுகிறவள் பெற்ற பெண் என்று தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்று அழுதாளாம். அதனால் அக்கா எங்கள் கொரட்டூரில் ஏரிப் பக்கமாக ஓர் அறை எடுத்துக்கொண்டார். வாரத்தில் ஆறு நாள் காயில் சுற்றினார். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலேறி ஆவடிக்குப் போனார். அங்கே அவர் பெரியம்மா. மகளுக்குத் தலை பின்னிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் திரும்புவார். திங்கட்கிழமை எங்களிடம், "பொண்ணு இன்னா வளத்தின்ற, எனக்குத் தோள் வரைக்கும் வந்துட்டா" என்பார். அந்த வீட்டில் அவர் ஒரு வரிகூடப் பாடியதில்லை.

சில வருடங்களில் மகளுக்கு வரன் வந்தது. பூந்தமல்லிப் பக்கத்துக் குடும்பம். மாப்பிள்ளைக்கு நல்ல வேலை. நிச்சயதார்த்தத்துக்கு அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு போனார். தனியாகப் போக அவருக்குத் தைரியம் இல்லை.

ஆவடி வீட்டில் நாங்கள் சமையலறையிலேயே இருந்தோம். கூடத்தில் பாய் விரித்து இரண்டு வீட்டாரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ தண்ணீர் கேட்டார்கள். "தோ வரேன்" என்றார் அக்கா. அவ்வளவுதான்.

மாப்பிள்ளையின் அம்மா பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "யாரும்மா உள்ள பேசனது? இந்தக் கொரல நான் கேட்டுக்கீறேன்."

அக்கா செம்போடு வாசற்படியில் நின்றார். அந்தம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கூர்ல கொட்டா போட்டு ஒரு மாசம் ஆடனாங்களே, ராஜா வேசம் கட்டிக்கினு. அது நீதான?"

"இல்லீங்க. நான் காயில் சுத்தறவ" என்றார் அக்கா. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

தங்கை முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் பூ வைத்துத் தலை குனிந்திருந்த மகள் நிமிர்ந்தாள். தங்கையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். "அவங்கதான், அத்தை. ராஜபார்ட்டு அவங்கதான். என்னைப் பெத்தவங்களும் அவங்கதான்."

பத்து வயதிலேயே, பெரியவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வளர்த்தவள் மனம் நோகும் என்று சொல்லாமலே இருந்திருக்கிறாள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நாடகக்காரி ஊட்ல சம்பந்தமா?" என்றபடி வெளியே போனார். அவரோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள். மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. அவன் அம்மா மட்டும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஒரு மாசம் அடுப்புல சோத்த வெச்சிட்டு ஓடியாந்து பாத்தவ நான். ஏம்மா பொய் சொல்ற? போறவங்க போவட்டும். நீ வந்து தட்டக் குடு."

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். தாம்பூலத் தட்டைத் தனியாகத் தொடவில்லை. தங்கையிடம் திரும்பி, "நீயும் புடி" என்றார். இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் அதை எடுத்துக் கொடுத்தார்கள்.

கல்யாணத்தில் சம்பந்தியம்மா விடாமல் கேட்டதால் அவர் பாடினார். மணமேடைக்குக் கீழே, தரையில் உட்கார்ந்தபடி ஒரே ஒரு பாட்டு. சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து நின்று கேட்டார்கள். அதன் பிறகும் ஓய்வு பெறும் வரைக்கும் காயில்தான் சுற்றினார். அவர் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. அந்த வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் அவருடைய பாட்டு எனக்கு நினைவுக்கு வருவதில்லை. நிச்சயதார்த்தம் முடிந்து நாங்கள் திரும்பிய ரயில்தான் வரும்.

வெயில் சாய்ந்திருந்தது. அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். திருமுல்லைவாயில் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"அவ இன்னா சொன்னா? நீ கேட்ட இல்ல?"

சொன்னேன். அம்பத்தூரில் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

"பெத்தவங்கன்னு சொன்னா. அம்மான்னு சொல்லல, இல்ல?"

"சொல்லல அக்கா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதுவும் நல்லதுதான். அம்மான்றது தங்கச்சிக்கே இருக்கட்டும்" என்றார். கொரட்டூர் வந்ததும் எனக்கு முன்னால் இறங்கி, என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.