என்னிடம் மட்டும் மக்கர் செய்த கார்

போன சனிக்கிழமை, சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஓர் ஒர்க்‌ஷாப்பில், மூன்று பேர் ஒரு குட்டி விளக்கையே முறைத்துக்கொண்டிருந்தோம். மெக்கானிக் காதர் பாய், என் கணவர் சேவியர், நான்.

எங்கள் செகண்ட் ஹேண்ட் காரில் ஒரு வசதி — எஞ்சினுக்கு என்ன கோளாறு என்று அந்த விளக்கு சிமிட்டிச் சொல்லும். எத்தனை சிமிட்டலோ, அதுதான் கோளாறின் நம்பர்.

என் புகார் இதுதான். சாங்கியில் வேலைக்கு நான் ஓட்டிப்போனால், கார் பாதி வழியில் நின்றுவிடும். போன் செய்தால் சேவியர் வருவார். சீட்டைப் பின்னால் தள்ளுவார், சாவியைத் திருப்புவார்... சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும்! மூன்று மாதத்தில் மூன்று தடவை.

“ஒனக்கு கிளட்ச் சரியா வரல. பேசாம பஸ்ல போயிடேன் லா!” என்பார்.

மூன்றாவது டெஸ்ட்டில் வாங்கிய லைசென்ஸ் ஐயா... விட்டுக்கொடுப்பேனா?

விளக்கு இரண்டு நம்பர் சொன்னது. பாய் ஃபியூஸைப் பிடுங்கி அவற்றை அழித்துவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்தார். ஒரு நம்பர் உடனே திரும்பி வந்தது.

“இது எப்பவும் இருக்குற கோளாறு. சென்சார் போச்சு, மாத்திடலாம். இன்னொண்ணு வந்து வந்து போறது. அது வர்றப்ப நாம கூட இருக்கணும்.”

சென்சார் மாறியதும் சேவியர் ஒரு சுற்று ஓட்டினார். ஒரு சிமிட்டலும் இல்லை. “பாத்தீங்களா பாய்?” என்றார்.

பாய் என் பக்கம் திரும்பினார். “இப்ப நீங்க ஓட்டுங்கம்மா. சார் பின்னாடி உக்காரட்டும்.”

நான் குள்ளம். வழக்கம்போல் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டேன். இரண்டாவது சந்து திரும்பியதும்... கார் பொசுக்கென்று நின்றது. நடுரோட்டில் கார் நின்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்!

பாய் சீட்டுக்கடியில் கையை விட்டார். எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயர் ஒன்று, சீட் முன்னால் வந்தால் நசுங்குகிறது. பின்னால் போனால் விடுபடுகிறது. அதாவது, என் நெட்டைக் கணவர் ஏறி உட்கார்ந்தே மூன்று தடவையும் காரைக் குணப்படுத்தியிருக்கிறார்!



வீட்டில் ஒருவர் ‘அப்பப்போ வலிக்குது’ என்றால் யார் நம்புகிறோம்? நம் கண்ணெதிரே துடித்தால்தான் வலி என்கிறோம்.

பாய் ஒயரை ஒதுக்கிக் கட்டிக்கொடுத்தார். வீட்டுக்கு நான்தான் ஓட்டினேன். சேவியர் மேல் கோபம்தான். ஆனால் மூன்று தடவையும் ஆபீஸ் வேலையைப் போட்டுவிட்டு டாக்ஸியில் ஓடிவந்தவரும் அவர்தானே? நம்பாமலே ஓடிவருகிற மனுஷனை எவ்வளவுதான் திட்டுவது?

வீடு போய்ச் சேரும்வரைதான் திட்டினேன்.