கப்பலில் தூங்கியவள்

கோடரியின் பின்புறத்தால் வாளியிலிருந்த பனிக்கட்டியை உடைத்துக்கொண்டிருந்தாள் தாமசின். அடிக்கு அடி நின்று மூச்சு வாங்கினாள்.

“இன்னொரு தரம் சொல்லு பாப்போம்,” என்றாள் பக்கத்து வீட்டு ஆஃப்ரா, கதவில் சாய்ந்துகொண்டு. “முதல்ல பாவம். அப்புறம் பயம். அப்புறம்?”

“அப்புறம் என்னக்கா, தண்ணி தூக்கணும்.”

“விளையாடாதடி. நாளைக்கு சபை முன்னாடி நிக்கப்போறவ நீ.”

சூரியன் மறைந்தால் வேலை செய்யக்கூடாத ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதற்குள் தண்ணீரும் விறகும் உள்ளே வந்தாக வேண்டும், ரொட்டி வெந்தாக வேண்டும். உள்ளே தொட்டிலில் குழந்தை இருமினான். கறந்த பால் போல வெளுத்த பிள்ளை. எப்ராயீம் என்று பெயர் நினைத்து வைத்திருந்தார்கள். நினைத்ததோடு சரி. தாயோ தகப்பனோ ஒருவராவது சபையில் சேர்ந்தவராக இருந்தால்தான் பிள்ளைக்கு ஞானஸ்நானமும் பெயரும். சபையில் சேர, எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, தன் உள்ளத்தில் கிருபை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். கேட்டவர்களுக்கு நம்பிக்கை வந்தால் கை தூக்குவார்கள்.

அவள் புருஷன் ஜைல்ஸ் போன அறுவடைக்காலத்தில் நின்று பார்த்தவன். மரம் அறுக்கிறவன். பலகை நேராக இருக்கிறது என்று சொல்கிற மாதிரியே, “எனக்குச் சந்தேகமே இல்லீங்க, நான் ரட்சிக்கப்பட்டவன்தான்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். சந்தேகமே இல்லாதவனிடம் இருப்பது பெருமை, கிருபை அல்ல. போய் உள்ளத்தைத் துருவிப் பார்க்கட்டும் என்று மூப்பர்கள் சொல்லிவிட்டார்கள். ஜைல்ஸ் அதற்குப் பிறகு எதையும் துருவவில்லை.

இப்போது விறகுச் சுமையை உள்ளே போட்டுவிட்டு அவன் சொன்னான்: “நீயாவது நல்லா அழு. நான் அழாததுதான் தப்பாப் போச்சு.”

“அழவாவது தெம்பு வேணாமா?”

“அதையும் அங்க சொல்லித் தொலைக்காத,” என்றாள் ஆஃப்ரா.

தாமசின் இங்கிலாந்தில் துணி நெய்கிற ஊரில் பிறந்தவள். சிறு வயதிலேயே இன்னொருவர் வீட்டில் கம்பளி சிக்கெடுக்கப் போனாள். அந்த வீட்டு எஜமானருக்குப் பழைய சபையின் மண்டியிடலும் பளபளப்பு அங்கியும் பிடிக்காமல் போனது. கடல் கடந்து புது நாட்டில் குடியேற முடிவு செய்தார். வீட்டில் வேலை செய்தவர்களும் அவர்கள் குடும்பங்களும் கூடவே கிளம்பினார்கள். போகலாமா என்று தாமசினை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

அதற்குள் ஜைல்ஸைக் கட்டியிருந்தாள்; அவர்களுடைய மூத்த பெண் ஜூடித் கப்பலில் காய்ச்சலில் போனாள். நடை பழகி முடித்திருந்த பிள்ளை. கரை சேர்ந்த முதல் குளிர்காலம் மேட்டைக் குடைந்து, மரப்பட்டை வேய்ந்த குழியில் கழிந்தது. கடல் வற்றும் நேரம் பார்த்துச் சேற்றில் சிப்பி தோண்டித் தின்றார்கள். வசந்தத்தில் சோளம் விதைத்த வயல் அந்த மண்ணின் பூர்வகுடிகள் முன்பே திருத்தி வைத்தது. திருத்தியவர்களைக் கொள்ளைநோய் கொண்டுபோயிருந்தது. மண்வெட்டியில் சில சமயம் அவர்களுடைய எலும்பு தட்டும். அவள் அதைத் தள்ளிவிட்டு அடுத்த குழியை வெட்டுவாள்.

இரண்டாவது பிள்ளை பிறந்து பெயர் வைக்குமுன் இறந்தது. பிணத்துக்கு ஜெபம் சொல்வது இங்கே வழக்கமில்லை. நின்றார்கள், மண் போட்டார்கள், கலைந்தார்கள். இவனாவது பெயரோடு இருக்கட்டும் என்பதற்கு மேல் அவளுக்கு ஆசை எதுவும் மிச்சமில்லை.

மறுநாள் காலை சபைக்கு அழைக்கும் முரசு ஒலித்தது. சபைக் கூடத்தில் நெருப்பு கிடையாது. பெண்கள் பக்கத்தில் தாமசின் குழந்தையைப் போர்வைக்குள் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிற்பகல் பிரசங்கம் முடிந்ததும் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள். பாவம், பயம் என்று சொல்லிப் பழகியதெல்லாம் மறந்துவிட்டது. கால் வலித்தது.

“பேசும்மா,” என்றார் மூப்பர் பெல்லமி. அவள் பேசாமல் நிற்பதைப் பார்த்து அவரே கேட்டார். “கப்பல்ல பிள்ளையப் பறிகொடுத்தியே. அன்னிக்குக் கர்த்தர் உன் உள்ளத்துல என்ன பேசினார்?”

“ஒண்ணும் பேசலீங்க.”

பெஞ்சுகள் கிரீச்சிட்டன. ஆஃப்ரா தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீ என்ன செஞ்ச?”

“தூங்கிட்டேங்க. காலையில பிள்ளையக் கடல்ல இறக்கினாங்க. கீழ வந்து படுத்தேன். அழுகை வரல. அடுத்த நாள் வரைக்கும் தூங்கினேன். எழுந்ததும் கஞ்சி கேட்டேன். எல்லாரும் என்னைப் பாத்த பார்வை இன்னும் கண்ணுல நிக்குது.” யோசித்துவிட்டு மேலும் சொன்னாள்: “கிருபை வந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. வந்திருந்தா, நான் அப்பத் தூங்கிட்டிருந்திருப்பேன்.”

மூப்பர் பெல்லமி கண்ணைத் துடைத்தார்.

“தன்கிட்ட ஒண்ணுமே இல்லைன்னு இவ்வளவு சுத்தமாச் சொன்ன சாட்சிய நான் கேட்டதில்ல,” என்றார். “நாமெல்லாம் துக்கத்துல புரண்டோம். இவ அவர் கையில தூங்கியிருக்கா.”

போதகர் தலையசைத்தார். பெண்கள் பக்கத்தில் யாரோ விசும்பினார்கள்.

அப்படி இல்லை, வெறும் அசதி என்று சொல்லத்தான் தாமசின் வாயைத் திறந்தாள். குழந்தை இருமினான். மெலிந்த இருமல், கடைசியில் ஒரு விசில். வாயை மூடிக்கொண்டாள்.

கைகள் உயர்ந்தன. ஜைல்ஸ் சபையில் சேராதவன் என்பதால் தூக்கக் கூடாது. இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு பார்த்தான். ஞானஸ்நானக் கிண்ணத்தில் உறைந்திருந்த தண்ணீரைத் தட்டி உடைத்து எடுத்தார்கள். நெற்றியில் பட்டதும் எப்ராயீம் வீறிட்டான். அவ்வளவு பலம் அவனிடம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

திரும்பும் வழியில் ஜைல்ஸ் பேச்செடுத்தான். “நிச்சயமா இருக்கேன்னு நான் சொன்னேன், போய்யான்னுட்டாங்க. நீ தூங்கினேன்னு சொன்ன, வாம்மான்னுட்டாங்க.”

“அவர் சொன்ன அர்த்தத்துல நான் சொல்லல.”

“இல்லன்னும் சொல்லலியே.”

“சொல்லியிருக்கணுமா?”

அவன் குழந்தையை வாங்கித் தன் அங்கிக்குள் வைத்துக்கொண்டான். “நடம்மா, காத்து அடிக்குது,” என்றான்.

மறுநாள் திங்கட்கிழமை. தாமசின் துணி துவைத்தாள். கொடியில் போட்டவை பலகை மாதிரி விறைத்துக்கொண்டன. ஜைல்ஸ் மரம் அறுக்கப் போனான். குழந்தை பால் குடித்தான், கொஞ்சம் கக்கினான், இருமல் அப்படியே இருந்தது. ஆஃப்ரா தன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாத்தனாருக்கு இன்னும் கிருபை வரவில்லையாம். தாமசின் ஏதாவது சொல்ல வேண்டுமாம். தாமசின் உலக்கையை அவளிடம் கொடுத்தாள். மூன்று பேருமாகச் சோளம் இடித்தார்கள். அவர்கள் போன பிறகு ரொட்டியை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். ரொட்டி ஒரு பக்கம் கருகிவிட்டது. மறுபக்கத்தைச் சாப்பிட்டார்கள்.