பெயர் கேட்காமல் எழுதிய அறிக்கை

விஜி இந்தத் தொழிலுக்கு வந்தது கவர் கொடுக்கும் ஆளாகத்தான். இருபத்திரண்டு வயதில், ஒரு மக்கள் தொடர்பு ஏஜென்சிக்காகப் பாடியில் பஸ் ஏறி, பத்திரிகை ஆபீஸ் ஒவ்வொன்றுக்கும் கம்பெனிகளின் செய்திக்குறிப்பைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். முக்கால்வாசி கவர்கள் பிரிக்காமலே குப்பைக்கூடைக்குப் போவதை அவளே பார்த்திருக்கிறாள். எந்த நிருபருக்கு எத்தனை மணிக்கு வேலை நெருக்கும், எத்தனை வரி கொடுத்தால் அப்படியே அச்சாகும் என்பதெல்லாம் அந்த அலைச்சலில் படிந்த பாடம். ஐந்து வருடத்தில் கவர் கொடுத்தவள் கவருக்குள் இருப்பதை எழுதுகிறவளானாள். பன்னிரண்டாம் வருடம் விசிட்டிங் கார்டில் ‘மக்கள் தொடர்பு அதிகாரி’ என்று வந்தது.

அவள் ஊரான பாரிவாக்கத்தில் யாருக்கும் அது விளங்கவில்லை.

“எம்பொண்ணு பேப்பர்ல கீறா” என்பார் அப்பா கன்னியப்பன்.

“பேப்பர்ல இல்ல நைனா, பேப்பர்ல போட வெக்கிறேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான் போ. கடைசில பஜ்ஜி மடிக்கத்தான் போவுது.”

விபத்து என்றால் அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. குடும்பத்துக்குத் தகவல் போய்ச் சேரும்வரை இறந்தவர் பெயரை எழுதக் கூடாது. மரியாதைக்காக வந்த வழக்கம். எழுதப்போவதில்லையே என்று பெயரைக் கேட்காமலே விட்டுவிட விஜி பழகியிருந்தாள். கேட்காவிட்டால் வேலை சீக்கிரம் முடிந்தது.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றரைக்கு, ஏஜென்சியின் வாடிக்கையாளரான அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனி ஒன்றின் மேனேஜர் தட்சிணாமூர்த்தி கூப்பிட்டார். ஷெட் கூரையில் ஷீட் மாற்ற ஏறிய காண்ட்ராக்ட் ஆள் விழுந்து இறந்துவிட்டார்.

“டிவிக்காரங்க கேட் வாசலாண்ட வந்துட்டாங்கம்மா. சேஃப்டி பெல்ட் போடாம ஏறிட்டான்னு ஒரு வரி சேத்துடு.”

“பெல்ட் குடுத்தீங்களா சார்?”

“அதெல்லாம் ரெக்கார்டுல இருக்கு. நீ மொதல்ல அனுப்பு.”

முதலில் போய்ச் சேருகிற வரிதான் செய்தியாகும். இருபது நிமிடத்தில் அறுபது நிருபர்களுக்கு அறிக்கை போய்விட்டது. ‘பாதுகாப்பு பெல்ட் அணியாமல் கூரையில் ஏறிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர்...’ என்று தொடங்கி, நிர்வாகத்தின் ஆழ்ந்த இரங்கலோடு முடிந்தது.

ஆறரைக்கு அவள் தெருவுக்குள் நுழைந்தபோது நாலாவது வீட்டு வாசலில் சாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். ஷீட் வேலை செய்யும் கஜபதியின் வீடு. நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தவரிடம் விசாரித்தாள். எஸ்டேட்டில் கூரையிலிருந்து விழுந்துவிட்டாராம்.

மறுநாள் காலை பூமாலை வாங்கிக்கொண்டு போனாள். கூட்டத்தோடு நின்றாள். மாலையைப் போட்டுவிட்டு வந்தாள். அதற்கடுத்த நாள் பால் தெளித்து முடிந்த பிறகு கஜபதியின் மனைவி பேபி அவளைக் கூப்பிட்டனுப்பினாள். மடித்த பேப்பர் ஒன்று பேபியின் மடியில் கிடந்தது.

“விஜிக்கா, உனக்குத்தான் பேப்பர்காரங்கள தெரியுமே. பெல்ட் போடலன்னு போட்டுக்கீறாங்க. சாவுக்கு வந்தவங்கல்லாம் திமிருல ஏறிட்டான்னு பேசிகினு போறாங்க. பெல்ட்டே குடுக்கலயாம், கூட வேல செஞ்சவங்க சொல்றாங்க. மாத்திப் போடச் சொல்லுக்கா.”

பேபி பேப்பரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“உங்க ஊட்டுக்கு ஷீட் போட வந்தப்பகூட இடுப்புல கவுத்த கட்டிகினுதான ஏறுனாரு? ‘இன்னாண்ணா, கெணத்துலயா எறங்கப் போற’ன்னு நீயே கலாய்ச்சியே.”

“அத எழுதுனது நான்தான் பேபி.”

பேபிக்கு உடனே பிடிபடவில்லை. பேப்பரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

“ஆரு செத்தாங்கன்னு உனக்குத் தெரியாதா?”

“பேரு கேக்கல.”

“வேற எவனோன்னு நெனச்சுத்தான் எழுதுனியா?”



அன்று சாயங்காலமே மறுப்பு ஒன்று எழுதினாள். ‘கஜபதி, வயது நாற்பத்தொன்று, பெல்ட் கொடுக்கப்படவில்லை என்று உடன் வேலை செய்தவர்கள் கூறுகிறார்கள், முந்தைய அறிக்கையின் அந்த வரியை விசாரிக்காமல் எழுதியவள் நான்.’ தன் பெயரைப் போட்டு அதே அறுபது பேருக்கும் அனுப்பினாள். ஒரே ஒரு நிருபர் கூப்பிட்டார்.

“கம்பெனி லெட்டர்பேடுல வராம எப்படிங்க போடுறது? அதுவுமில்லாம மேட்டர் பழசாயிடுச்சு.”

மறுநாள் காலை ஏஜென்சியில் அவளை வேலையை விட்டு நிற்கச் சொன்னார்கள். அந்த மறுப்பை பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேராகப் பேபி வீட்டுக்குப் போய்க் காட்டினாள்.

“எந்தப் பேப்பர்ல வந்துச்சு?”

“எதுலயும் வரல.”

பேபி கையை நீட்டவில்லை.

“அப்ப இது இன்னாத்துக்கு?” என்றாள்.