தலைதட்டி ஒரு கரண்டி

அந்த ரொட்டிக்கடையில் கரண்டிக்கு வேலை இல்லை. மாவானாலும் உப்பானாலும் தராசில் ஏறித்தான் இறங்க வேண்டும். நெடுங்காலமாக அதன் முன்னால் நின்றவளுக்குத் ‘தராசு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டில் கணவரும் அப்படித்தான் கூப்பிட்டார். தபால் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர்; சாப்பிடவும் பேசவும் நாக்கு சற்று நீளம்.

அவருக்கு இதயம் தளர்ந்தபோது, நாளொன்றுக்குத் தலைதட்டி ஒரு தேக்கரண்டி உப்புக்குமேல் கூடாது என்றார் மருத்துவர். அவர் சொன்னது தூளுப்பை. கல்லுப்புதான் சுத்தம் என்று நம்பிய அவள் அதையே வாங்கினாள். காலையில் ஒரு கரண்டி அள்ளி, கத்தி முதுகால் தலைதட்டி, கிண்ணத்தில் போட்டுவைப்பாள். அன்றைய சமையல் முழுவதும் அதற்குள் அடங்கவேண்டும். கடையில் தராசைத் தவிர எதையும் நம்பாதவள், வீட்டில் மருத்துவர் சொன்ன கரண்டியையே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். பயம் அவளை அதற்கப்பால் யோசிக்க விடவில்லை.

முதலில் அவர் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், என்னை இன்னும் கொட்டாமல் வைத்திருக்கிறாயே என்பார். நாளாக ஆக வேடிக்கை வற்றியது. பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளிவைக்கத் தொடங்கினார். ஒருநாள் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தவர், “ஏம்மா தராசு, ஒரு சிட்டிகை. ஒரே ஒரு சிட்டிகை போட்டா என்ன ஆயிடப் போகுது?” என்றார்.

“எல்லாம் ஒரு சிட்டிகைலதான் ஆரம்பிக்கும். பேசாம சாப்பிடுங்க.”

பேசாமல் சாப்பிட்டார். பிறகு அவர் கேட்கவே இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார். கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள் என்று உறவினர் மெச்சினார்கள். அவளும் அதைச் சொல்லித்தான் மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

மறு ஆண்டு, அவள் விடுப்பில் இருந்த நாளில் கடையில் தூளுப்பு தீர்ந்துபோயிற்று. அடுப்பு பார்ப்பவர் கல்லுப்பைக் கரைத்து மாவில் சேர்த்திருந்தார். தராசைத் தொடச் சோம்பல்பட்டு, கரண்டிக் கணக்கில். ரொட்டி சப்பென்றிருந்தது. மறுநாள் வந்தவள் பிடிபிடியென்று பிடித்தாள்.

“கல்லும் தூளும் கரண்டியில ஒண்ணாப்பா? கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல பூரா காத்து. மூணுல ஒரு பங்கு காத்தைத்தான் போட்டிருக்கே. பாவம், வாங்கினவங்க எப்படித் தின்னாங்களோ...”

சொல்லி முடிக்காமலே தராசின் பக்கம் திரும்பினாள்.

கல்லுப்பைத் தலைதட்டி ஒரு தேக்கரண்டி நிறுத்தாள். பிறகு, அன்று காலை வந்திறங்கிய தூளுப்பை. தூளுப்பு கனத்தது; இரண்டும் சமமாகும்வரை அதிலிருந்து கிள்ளிக் கிள்ளி உள்ளங்கையில் போட்டாள். அவர் கேட்ட ஒரு சிட்டிகை அல்ல. நாலைந்து சிட்டிகை சேர்ந்திருந்தது.

கோபம் இன்னும் தணியவில்லை என்று எண்ணிய அடுப்புக்காரர் தயங்கித் தயங்கி, “கம்மியாத்தானே போட்டேன் அக்கா. கூடிப்போனாத்தானே வம்பு?” என்றார்.

“நானும் அப்படித்தான் நினைச்சேன்” என்றாள் அவள்.

விற்காமல் ஒதுக்கிவைத்த முந்தின நாள் ரொட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவருடைய நாற்காலிக்கு எதிரே அமர்ந்து, எதுவும் தொட்டுக்கொள்ளாமல் தின்றாள். பாதிக்குமேல் இறங்கவில்லை. தட்டைத் தள்ளிவைக்க மனம் வராமல், மீதியையும் மென்று விழுங்கினாள்.