மொபைல் வியூவில் முருகன்

1. திறந்தது அறுபத்திரண்டு பேர்

அன்று புதன்கிழமை. கம்பெனிகளுக்கு ஆன்லைன் பயிற்சிப் பாடம் செய்து கொடுக்கிற எங்கள் விருதுநகர் ஆபீசுக்கு வந்து, வழக்கம்போல் கம்ப்யூட்டரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். நாரணாபுரத்துப் பட்டாசு கம்பெனி மேனேஜர் சௌந்தர் போன் செய்தார்.

"அண்ணாச்சி, என்ன கோர்ஸ் செஞ்சு குடுத்தீக? ரிப்போர்ட்ட தொறந்து பாருங்க."

பார்த்தேன். திறந்தவர்கள் அறுபத்திரண்டு. முடித்தவர்கள் பூஜ்யம்.

"ஒருத்தர்கூட ரெண்டாவது பக்கத்துக்குப் போகல. எல்லாரும் தொறந்திருக்காக, அம்புட்டுப் பேரும் மொதப் பக்கத்துலயே நின்னுட்டாக. தீபாவளி லீவு முடிஞ்சு திங்கக்கிழம கம்பெனி தொறக்கணும். பாதுகாப்புப் பயிற்சி முடிக்காத ஆள வெடிமருந்து ரூமுக்குள்ள விடமாட்டேன். விட்டா என் மனசு கேக்காது."

"நெட் கோளாறா இருக்கும் சார்" என்றேன்.

"அறுபத்திரண்டு வீட்லயுமா?" என்றார்.

அந்தக் கோர்ஸ் முழுக்க என் கைப்பட லே-அவுட் செய்தது. பதினாலு பக்கம், கடைசியில் அஞ்சு கேள்வி. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், ஆட்கள் வீட்டிலிருந்தே போனில் பார்த்து முடிப்பது என்று ஏற்பாடு.

2. சாமியின் கால் விரல்

நான் படித்தது எட்டாம் வகுப்புவரைதான். சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் காலண்டர் டிசைன் செய்தவன். ஒரு சீசனில் முருகன் காலண்டர் கட்டிங் மிஷினில் கொஞ்சம் நகர்ந்து, சாமியின் கால் விரல் நுனி வெட்டுப்பட்டுப் போயிற்று. ஒரு நூல் அளவுதான். ஆர்டர் கொடுத்த ஜவுளிக்கடைக்காரர் மொத்த லோடையும் திருப்பி அனுப்பிவிட்டார். "கால் இல்லாத சாமிய எவன் வீட்ல மாட்டுவான்?" என்று அவர் கேட்டது நியாயம்தான். மற்றவர்கள் வேலை போச்சே என்று வருத்தப்பட்டார்கள். எனக்கோ சாமிக்கே அடிபட்டதுபோல் இருந்தது. ஒரு வாரம் பச்சைத் தண்ணீரில் குளித்துக் கோயிலுக்குப் போய்வந்தேன். அதிலிருந்து என் கையால் செய்கிற எந்தப் பக்கத்திலும் சாமி படம் இருந்தால், முதலில் அதன் அளவைப் பூட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. எது சுருங்கினாலும் அது சுருங்கக் கூடாது, ஓரம் வெட்டுப்படக் கூடாது.

பிரஸ்ஸில் வேலை குறைந்து, இந்த ஆபீசுக்கு வந்த முதல் நாளே, இங்கே பொறுப்பில் இருக்கிற ரேவதி மேடத்திடம் கேட்டேன். "பேப்பர் சைஸ் என்ன மேடம்?"

"பேப்பரே கிடையாதுண்ணே" என்று சிரித்தார். "இது ரெஸ்பான்சிவ். கம்ப்யூட்டர்ல பார்த்தா அகலமா விரியும். போன்ல பார்த்தா இடதுபக்கப் பத்தி மேல போகும், வலதுபக்கப் பத்தி அதுக்குக் கீழ இறங்கும். நீங்க ஒரு தடவை செய்ற பக்கம், பார்க்கிறவங்க கையில இருக்கிற சாமானுக்குத் தக்கபடி மாறும்."

புரிந்தது என்று தலையாட்டினேன். பாதிதான் புரிந்தது.

பட்டாசு கோர்ஸ் வந்ததும் என் மனசில் ஒன்றுதான் ஓடியது. மருந்தோடு வேலை செய்கிற ஜனங்கள். சாமி துணை இல்லாமல் ஒரு பக்கம்கூட இருக்கக் கூடாது. மாஸ்டர் பேஜில் இடதுபக்கம் முருகனை வைத்தேன். மாஸ்டர் பேஜில் வைத்தால் எல்லாப் பக்கத்திலும் தானாக வரும். அளவைப் பூட்டினேன். வலதுபக்கம் பாடம். கம்ப்யூட்டரில் பார்க்க அம்சமாக இருந்தது.

"மொபைல் வியூ, அதான் போன்ல எப்படித் தெரியுதுன்னு, பார்த்தீங்களாண்ணே?" என்று மேடம் கேட்டார்.

"பார்த்தாச்சு மேடம். திருப்தியா இருக்கு" என்றேன். பப்ளிஷ் செய்தார்.

3. நாரணாபுரத்தில்

அன்று சாயங்காலமே மேனேஜர் சொன்ன விலாசத்துக்குப் போனேன். முத்துலட்சுமி என்கிற அம்மா. மருந்து செலுத்துகிற பிரிவில் பதினெட்டு வருஷமாக வேலை பார்ப்பவர். வீட்டு வாசலில் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கம்பெனியிலிருந்து போனுக்கு ஒண்ணு வந்துச்சே, பார்த்தீகளா?"

"பார்த்தேனே. தொறந்து கும்பிட்டு, கண்ணுல ஒத்தி எடுத்து வச்சிட்டேன்."

"கும்பிட்டீகளா?"

"பின்ன? தீவாளி கழிஞ்சு கம்பெனி தொறக்கப் போறாக. நல்லபடியா நடக்கட்டும்னு மொதலாளி சாமி படம் அனுப்பியிருக்காக. எங்க தெருவுல எல்லாருக்கும் வந்துச்சு. 'பார்த்து முடிங்க'ன்னு மேனேஜரு எழுதியிருந்தாரு. பார்த்தோம், முடிச்சோம்."

போனை எடுத்துக் காட்டினார். திரை முழுக்க என் முருகன். வேல் நுனியிலிருந்து கால் விரல் வரை ஒன்றும் வெட்டுப்படாமல், மயிலோடு நின்றுகொண்டிருந்தார். இடதுபக்கப் பத்தி மேலே போயிருந்தது. அளவைப் பூட்டியதால் சுருங்கவில்லை. பாடம் எல்லாம் அவருக்குக் கீழே, கண்ணுக்கே தெரியாமல் கிடந்தது.

"கீழ இன்னும் இருக்கும்மா. விரலால மேல தள்ளுங்க."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நெற்றியில் இருந்த விபூதியையும் பார்த்தார்.

"சாமி மொகத்துல பெருவிரல வச்சு தள்ளச் சொல்றீக. பார்த்தா பக்தியான ஆளு மாதிரி இருக்கீக."

"படத்துல வேணாம்மா. ஓரத்துல தொட்டுத் தள்ளுங்க."

"ஓரம் எங்கண்ணே இருக்கு?"

இல்லைதான். காலண்டர் பழக்கத்தில் விளிம்புவரை படத்தை விட்டிருந்தேன். மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நானே தள்ளினேன். மூன்று தடவை தள்ளிய பிறகு பாடம் வந்தது. அடுத்த பக்கம் போனேன். மறுபடியும் முருகன்.

"எம்புட்டுப் பக்கம்?"

"பதினாலு."

"பதினாலு தடவ சாமிய மேல தள்ளணுமா?" துணியைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "கோவிச்சுக்காதீக அண்ணே. சாமி எங்க கம்பெனி வாசல்லயே இருக்காரு. கும்பிடாம ஒருத்தியும் உள்ள போறதில்ல. அதுக்கு மேல உள்ள போயி என்ன செய்யணும்கிறதத்தான் போன்ல சொல்லணும். அதச் சொல்லுங்க."

பஸ்ஸில் ஏறியபோதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. பப்ளிஷ் செய்வதற்கு முன்னால் நானும் மொபைல் வியூவை என் போனில் திறந்திருந்தேன். திரை நிறைய முருகன் நின்றார். கையெடுத்துக் கும்பிட்டேன், மூடி வைத்தேன். அதைத்தான் மேடத்திடம் 'பார்த்தாச்சு' என்று சொன்னது. அறுபத்திரண்டு பேரோடு நான் அறுபத்து மூன்றாவது ஆள்.

4. கண்ணை மூடுவது

மறுநாள் காலையில் மேடத்திடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர், புரையேறும்வரை சிரித்தார்.

"சரிண்ணே, சுலபம்தான். பக்கத்துல வச்சதெல்லாம் வரிசையா இருக்கிற லேயர் லிஸ்ட்ல சாமி படத்துக்கு நேரா ஒரு கண் மாதிரி இருக்கு பாருங்க. மொபைல் வியூவுல மட்டும் அத அமுத்துங்க. கண் மூடிக்கும், படம் மறைஞ்சிரும். கம்ப்யூட்டர்ல அப்படியே இருக்கும்."

முருகன் பெயருக்கு நேராகச் சின்னதாக ஒரு கண். மவுசை அதன் மேல் வைத்தேன். விரல் இறங்கவில்லை. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். மறுபடியும் இறங்கவில்லை.

"நான் அமுத்தவா?" என்றார் மேடம்.

"வேணாம் மேடம். வச்சது நான். நானே எடுக்கிறேன்."

திங்கட்கிழமை அந்த அம்மா மருந்து ரூமுக்குள் போக வேண்டும். கையில் பாடம் இல்லாமல் போகக் கூடாது. அதை நினைத்துக்கொண்டு, "அப்பனே, பொறுத்துக்க" என்று சொல்லி அமுக்கினேன். கண் மூடியது. பக்கம் வெறிச்சென்று ஆனது.

அப்புறம் வேலை ஓடியது. போனில் முதலில் என்ன தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு பக்கமாக யோசித்து வரிசையை மாற்றினேன். ஆறாம் பக்கம் செம்புத் தகடு. மருந்து ரூம் வாசலில் பதித்திருக்கும். உள்ளங்கையை அதில் வைத்தால் உடம்பில் இருக்கிற மின்சாரம் தரைக்குப் போய்விடும். ஒரு பொறிக்கும் வழியில்லை. அந்தத் தகட்டின் படத்தை மேலே வைத்தேன். அதற்குக் கீழே ஒரே வரி. அதற்கும் கீழே 'அடுத்தது' பட்டன், பெருவிரல் அளவுக்கு. இரண்டு பக்கமும் ஓரம் விட்டேன். கடைசிக் கேள்விக்கும் பதில் சொன்ன பிறகு வரும் பக்கத்தில் மட்டும், சின்னதாக, கால் விரல்வரை முழுசாக முருகனை நிறுத்தினேன்.

பிரஸ்ஸில் ப்ரூஃப் காட்டிக் கையெழுத்து வாங்குவது வழக்கம். அந்தப் புத்தி மட்டும் இங்கேயும் உதவியது. பப்ளிஷ் செய்யும் முன்னால் முத்துலட்சுமி அம்மாவிடம் போய்ப் போனைக் கொடுத்தேன். அவர் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் போனார். ஒன்பதாம் பக்கத்தில் நின்றார்.

"இது சரியான உடுப்புன்னு போட்டிருக்கீக. இவ கட்டியிருக்கது நைலக்ஸ் சேல. உரசுனா பொறி வரும்னு எங்க கம்பெனியில வாசல்லயே திருப்பி அனுப்பிருவாக. நூல் சேல கட்டிவிடுங்க."

நாங்கள் யாருமே கவனிக்காதது. ஆபீசுக்குப் போனதும் மாற்றக் குறித்துக்கொண்டேன். கடைசிப் பக்கம் வந்ததும் அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"இப்ப சரி. வேலைய முடிச்சுட்டுக் கும்பிடுறது நல்லாயிருக்கு."

5. திங்கட்கிழமை

வியாழக்கிழமை சாயங்காலம் புது லிங்க் போயிற்று. சனிக்கிழமை மத்தியானம் ரிப்போர்ட்டில் முடித்தவர்கள் அறுபத்தொன்று. மீதி ஒரு ஆள் யாரென்று தேடினால், சாத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்த பெரியவர். "சாமி படம்தான் மொதவே பார்த்துட்டேனே" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார். மேனேஜர் போனில் பேசிப் புரிய வைத்தார். இருட்டுவதற்குள் அவரும் முடித்துவிட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பிரிவியூவில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். யாருக்காகச் செய்கிறோமோ அவர் கையில் போனைக் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு அவர் விரலைப் பாருங்கள். எந்த இடத்தில் அது தயங்குகிறதோ அங்கே உங்கள் வேலை பாக்கி இருக்கிறது. நமக்குப் பிரியமானது எதுவோ, அதுதான் முதலில் வழியை மறைத்துக்கொண்டு நிற்கும்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் போன் செய்தார்.

"அண்ணாச்சி, இப்பத்தான் மருந்து ரூம் தொறந்தோம். முன்னெல்லாம் வாசல்ல இருக்கிற சாமிய மட்டும் கும்பிட்டுட்டு விறுவிறுன்னு உள்ள போவாக. தகட்டத் தொடுங்க, தொடுங்கன்னு நான் கத்திக்கிட்டே நிக்கணும். இன்னைக்கு நான் வாயே தொறக்கல. ஒவ்வொருத்தரும் சாமிய கும்பிட்டாக, அதே கையத் தகட்டுல வச்சிட்டு உள்ள போனாக."

போனை வைத்துவிட்டு ஆறாம் பக்கத்தைத் திறந்தேன். முருகனை எடுத்துவிட்டு அந்தத் தகட்டை வைத்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பக்கத்தையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.