இடப்பக்கம் பார்க்கும் அப்பா

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் உள்ள படத்தில் அப்பா நேரே பார்க்கவில்லை. அவருடைய பார்வை இடப்பக்கம் சற்றுத் திரும்பியிருக்கிறது. அதை அச்சிட பிளாக் செய்த அச்சகத்தார்கூட ஆள் அனுப்பி, வேறு படம் இருந்தால் கொடுக்கும்படி கேட்டார்கள். படம் சரியானதே. அப்பா ஏன் அப்படிப் பார்க்கிறார் என்பதற்கு அவர் செய்த தொழிலையும், அதில் அவர் விரும்பிக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அப்பாவின் முதல் வருஷ ஆப்திகக் காரியங்களைத் தம்பி செய்திருக்கிறான். எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

அப்பா பிறந்தது மேல்கோட்டையில். பாட்டனார் கோயிலில் பாராயண கோஷ்டியில் இருந்தவர். வேதம் படிக்க வைக்கப்பட்ட பிள்ளை, ஓலைச்சுவடிக் கட்டைகளின் மேல் கரியால் மூக்கும் முழியும் வரைந்ததால் பாடசாலையிலிருந்து அனுப்பப்பட்டார். யாரோ ஒரு பெரியவர் சொல்ல, மைசூரில் சித்திரம் கற்பிக்கும் தொழிற்பள்ளியில் சேர்ந்தார். சாப்பாடு வார முறையில் நடந்தது. திங்கட்கிழமை ஒரு வக்கீல் வீடு, செவ்வாய் தூரத்து உறவில் ஒரு வீடு, புதனும் வியாழனும் ஒரு விதவை அம்மையார் வீடு, சனி ஞாயிறு மடம். வெள்ளிக்கிழமைக்கு வீடு அமையவில்லை. பிற்காலத்திலும் அப்பா வெள்ளிக்கிழமைகளில் ஒரு வேளைதான் உண்டார். விரதம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவர் மறுக்கவில்லை.

அந்தப் பள்ளியில் உருவம் வரையும் வகுப்புக்குத் தோட்டக்காரர் ஒருவரை நாற்காலியில் உட்கார வைப்பார்களாம். அவர் உட்கார்ந்த சிறிது நேரத்தில் தூங்கிவிடுவார். மற்ற மாணவர்கள் அவரைத் தட்டி எழுப்புவார்கள். அப்பா தூங்கும்போதே வரைந்து, விழித்த பிறகு கண்களை மட்டும் வரைந்தாராம். உயிருள்ள ஒருவரை எதிரில் வைத்து அப்பா வரைந்தது அதுவே முதல் தடவை. வெகு காலத்துக்கு அதுவே கடைசித் தடவையாகவும் இருந்தது.

படிப்பு முடிந்ததும் அரண்மனை வேலைகளில் மூத்த ஓவியர்களுக்கு உதவியாளராக இருந்தார். சுதந்திரம் வந்தபின் அந்த வேலைகள் குறைந்தன. அவருடன் இருந்தவர்கள் கிடைத்த இடத்துக்குப் போனார்கள். ஒருவர் ஊதுபத்திக் கம்பெனிக்கு லேபிள் எழுதினார். ஒருவர் ஹைஸ்கூலில் டிராயிங் மாஸ்டர் ஆனார். ஒருவர் பெங்களூரில் சினிமா போர்டு எழுதப் போனார். புட்டசாமி மாமா நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா எழுதினார். அப்பா தேவராஜ மொஹல்லா என்ற பகுதியில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை ஒன்றின் மாடி அறையை எடுத்துக்கொண்டார். கீழே சட்டம் போட வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் யாரையாவது இழந்தவர்கள். கடைக்காரர் அவர்களை மாடிக்கு அனுப்பினார். இப்படியாக அப்பா காலஞ்சென்றவர்களை வரைபவர் ஆனார்.

அந்த வேலையின் கஷ்டத்தைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். கொண்டுவருவது பெரும்பாலும் ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படம். அதில் இறந்தவர் முகம் மிளகளவு இருக்கும். தோளில் வேறொருவர் கை இருக்கும். அதைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி, கையை அகற்றி, கேட்பதையெல்லாம் சேர்க்க வேண்டும். கொஞ்சம் நிறமாகக் காட்டுங்கள் என்பார்கள். ஜரிகைத் தலைப்பாகை கேட்பார்கள். ஒருநாளும் கோட்டு போடாதவருக்குக் கோட்டு கேட்பார்கள். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளும் தகப்பனாருக்கு மரு எந்தக் கன்னத்தில் என்று அப்பாவின் அறையிலேயே வாக்குவாதம் செய்தார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த தாயார் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வலது கன்னத்தில், ஆனால் அது பிறந்தபோது இல்லை, பெரியவன் பிறந்த வருஷம் வந்தது என்றார். இதை அப்பா எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவியர்கள் ஒரு காபி ஹோட்டலில் கூடுவது வழக்கம். அங்கே அப்பாவுக்கு 'வைகுண்டத்துக் குமாஸ்தா' என்று பெயர். வைத்தவர் புட்டசாமி மாமா. அப்பா சிரித்துக்கொள்வார். ஆனால் உயிரோடு இருக்கும் ஒருவரை எதிரில் உட்கார வைத்து ஒரே ஒரு படமாவது வரைய வேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை. அதைக் கேட்க வெட்கப்படவும் இல்லை. வருகிறவர் போகிறவர் எல்லோரையும் கேட்டார். ஒருவரும் உட்காரவில்லை. அவர் வரைபவர்கள் யார் என்பது ஊருக்குத் தெரியும். மார்க்கெட்டில் அப்பா ஒரு முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டால் அந்த முகம் முந்தானைக்குள் போய்விடும். பூ விற்கும் தமிழ்க்காரி ஒருத்தி நேரடியாகவே சொல்லிவிட்டாள்:

"சாமி, என்னை அப்படிப் பாக்காதீங்க. இன்னும் ரெண்டு பொண்ணுக்குக் கல்யாணம் பாக்கி இருக்கு."

வீட்டிலும் அதே கதைதான். அப்பா காபி டம்ளரை வைத்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தால், அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும் என்று அப்பா கேட்கும்போதெல்லாம் அம்மாவின் பதில் ஒன்றுதான்.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

கொள்ளேகாலிலிருந்து பழனியம்மாள் என்பவர் வந்தது நான் பாலிடெக்னிக்கில் சேரக் காத்திருந்த சமயத்தில். பட்டுத் தறிகள் உள்ள வீட்டைச் சேர்ந்தவர். அவருடைய கணவருக்கு முந்தைய ஆண்டு அப்பாதான் படம் எழுதியிருந்தார். தனியாக பஸ்ஸில் வந்து மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னார்.

"நம்மூட்டுக்காரருக்கு நீங்கதானுங்க எழுதுனீங்க. அச்சு அப்படியே இருக்குதுங்க, சாமி. ஆனா அவரு ஒரு நாளாச்சும் இப்படிச் சும்மா உக்காந்து நான் பாத்ததில்லீங்க. என்னை நான் இருக்கறப்பவே எழுதிப்போடுங்க. நான் போனா எம் பசங்க மூக்குத்தியப் பெருசா எழுதச் சொல்லுவானுங்க."

அப்பா அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவர் குரல் மாறியிருந்தது. பெண்பிள்ளை ஒருத்தர் உட்காரும்போது துணைக்கு ஒரு பெண் இருக்க வேண்டும் என்று அம்மா என்னை அனுப்பினார். அதனால் மாடியில் நடந்தவற்றை நேரில் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாள் மைசூரில் மகள் வீட்டில் தங்கிக்கொண்டு காலை வேளைகளில் வந்தார். அப்பா ஜன்னலோரம் நாற்காலி போட்டார். அசையாமல் இருக்கச் சொன்னார். நேரே பார்க்கச் சொன்னார். வாயில் வெற்றிலை வேண்டாம் என்றார். அப்பா சொன்னபடி எல்லாம் அந்த அம்மாள் இருந்தார், முகம் வியர்க்க. படம் முடிந்தது. அளவுகள் எல்லாம் சரியாக இருந்தன. மூக்குத்திகூட இருக்கும் அளவிலேயே இருந்தது. அந்த அம்மாள் எழுந்து வந்து, அதன் முன் நின்று பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. மாலை ஒண்ணுதான் கொறை."

கேலியாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அப்பா படத்தைச் சுவரோரம் திருப்பி வைத்தார். உயிரோடு ஒருவர் கிடைத்தும், அத்தனை வருஷப் பழக்கத்தில் கை தானாகவே காலஞ்சென்றவரை வரைந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, நாளைக்கும் வர முடியுமா என்று கேட்டார். தறிக்கு நூல் போட வேண்டியிருக்கிறது, அடுத்த வாரம் வருகிறேன் என்று அந்த அம்மாள் ஊருக்குப் போனார். திரும்பி வரமாட்டார் என்று நான் நினைத்தேன்.

வந்தார். இம்முறை அப்பா அவரை எப்படியும் உட்காரச் சொல்லவில்லை. அந்த அம்மாள் வெற்றிலை போட்டுக்கொண்டு, எதிரில் தரையில் உட்கார்ந்திருந்த என்னிடம் பேச ஆரம்பித்தார். தறியில் பாவு நூல் அறுந்தால் எப்படி முடிச்சுப் போடுவது, பெரிய மருமகள் எதற்கெல்லாம் கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போவாள், சின்ன மருமகள் ஏன் போகவே மாட்டாள் என்று ஒன்று விடாமல் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா தூரிகையை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வேகமாக எழுதினார். அந்தப் படத்தில் பழனியம்மாள் நேரே பார்க்கவில்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. வாய் பாதி திறந்திருக்கிறது. உதடு வெற்றிலையில் சிவந்திருக்கிறது. யாருக்கோ எதையோ சொல்லி முடிக்கப் போகிறார்.

அன்று சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார்:

"உசிரோட இருக்கிற முகம் யாரையாவது பார்த்துண்டிருக்கும். இத்தனை நாள் எனக்கு இது தெரியலை."

"அவ யாரைப் பார்த்தா?" என்று அம்மா கேட்டார்.

"இவளை," என்று அப்பா என்னைக் காட்டினார்.

அம்மா மேலே கேட்காமல் ரசம் பரிமாறினார்.

அப்படத்தை உள்ளூர் ஓவியர்கள் வைத்த கண்காட்சியில் அப்பா வைத்தார். பரிசு கிடைக்கவில்லை. வாய் திறந்திருப்பது உருவப் படத்துக்கு அழகல்ல என்று சிலர் சொன்னார்கள். பாதியில் நிறுத்திவிட்டீர்களா என்று ஒருவர் கேட்டார். புட்டசாமி மாமா மட்டும் அதன் முன் நின்று, அந்த அம்மாள் என்ன சொல்கிறார் என்று விசாரித்தார். மருமகளைப் பற்றி என்று நான் சொன்னேன். அவர் நம்பினார். கண்காட்சி முடிந்ததும் பழனியம்மாள் வந்து, படத்தைப் பழைய சேலையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து எடுத்துப் போனார். பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லையாம். தறிக்கு எதிரில் தானே ஆணி அடித்து மாட்டினாராம்.

அதன் பிறகு அப்பாவின் வேலை மாறியது. காலஞ்சென்றவர்களைத்தான் தொடர்ந்து வரைந்தார். ஆனால் கொண்டுவருகிறவர்களிடம் நிறம், தலைப்பாகை பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். காலஞ்சென்றவர் வீட்டில் யாரை அதிகமாகப் பார்ப்பார் என்று கேட்டார். இந்தக் கேள்விக்குச் சிலர் கோபித்துக்கொண்டார்கள். சிலர் அழுதார்கள். ஒரு பெரியவர் யோசித்து, எங்கள் அண்ணா மாட்டைத்தான் பார்ப்பார் என்றார். படங்களில் பார்வை திரும்ப ஆரம்பித்தது. பூஜைக்கு வைத்தால் நம்மைப் பார்க்கவில்லையே என்று சில வீடுகளில் திருப்பிக் கொடுத்தார்கள். வேலை குறைந்தது. அப்பா தம்முடைய முறையை மாற்றிக்கொள்ளவில்லை. பிடிவாதம் என்று சொல்லலாம். அம்மா அப்படித்தான் சொன்னார்.

அம்மாவை மறுபடியும் கேட்டார். பலமுறை கேட்டார். பதில் மாறவில்லை. கடைசி வருஷத்தில் மூச்சிரைப்பு அதிகமாகி, மாடி ஏற முடியாமல் வீட்டிலேயே இருந்தபோது, கட்டிலில் சாய்ந்தபடி அம்மா நடமாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். தூரிகை எடுக்கக் கை நிற்கவில்லை. அப்போது அவர் கேட்கவில்லை. அம்மாவும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வதை விடவில்லை. சென்ற ஆண்டு மார்கழியில், ஒரு விடியற்காலையில், கோயில் மணி கேட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா பரமபதம் அடைந்தார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். மருந்துக்குப் பணம் வாங்க மறுத்த எங்கள் தெரு டாக்டர். மேல்கோட்டையிலிருந்து வந்து பதின்மூன்று நாளும் உடனிருந்த உறவினர்கள். மாடி அறையை இன்றுவரை பூட்டி வைத்திருந்து, வாடகைப் பேச்சை எடுக்காத சட்டக் கடைக்காரர். செய்தி கேட்டு பஸ் ஏறி வந்து, பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரம் முடியும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்த பழனியம்மாள். பந்தியில் இலை போட்ட ஓவிய நண்பர்கள். பெயர் விட்டுப்போயிருந்தால் மறதிதான், அலட்சியமன்று.

கடைசி நன்றி புட்டசாமி மாமாவுக்கு. இம்மலருக்காக அப்பாவின் படத்தை அவர்தான் எழுதினார். அப்பாவுக்கென்று தனியாக ஒரு போட்டோ இல்லை. கல்யாணக் கூட்டப் படம் ஒன்றுதான் கிடைத்தது, தோளில் வேறொருவர் கையுடன். மாமா அதைப் பெரிதாக்கி, கையை அகற்றி, நெற்றியில் திருமண் சாத்தி, நேரே பார்க்க எழுதிக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் பிடித்திருந்தது. அம்மா மட்டும் வெகுநேரம் பார்த்தார். மாமா கன்னடமும் தமிழும் கலந்த தம் பேச்சில், அண்ணி என்று அழைத்து, என்ன குறை என்று கேட்டார்.

"ஏனு அத்திகே, மூக்கு சரியா வரலையா?"

"மூக்கெல்லாம் சரிதான். இவர் யாரையும் பார்க்கலையே."

மாமா தலையைச் சொறிந்தார். "யாரைப் பார்க்கணும், சொல்லுங்க. எழுதிடறேன்."

அம்மா சமையலறையிலிருந்து மணையை எடுத்து வந்தார். படம் சாய்த்து வைத்திருந்த இடத்துக்கு இடப்பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னை."

கண்ணை மட்டும் திருப்பினால் போதும், நீங்கள் உட்கார வேண்டியதில்லை என்று மாமா சொன்னார். அம்மா எழுந்திருக்கவில்லை. மாமா வண்ணங்களை எடுத்தார். எங்கே பார்வை விழ வேண்டும் என்று தெரிவதற்காக அம்மாவின் முகத்தைப் பார்த்தார். ஓர் ஓவியர் பார்ப்பதுபோல, நிதானமாக, நீண்ட நேரம் பார்த்தார். அம்மா திரும்பிக்கொள்ளவில்லை. அடுப்பில் பால் பொங்கியபோது நான்தான் போய் இறக்கினேன்.

இப்போது அந்தப் படம் எங்கள் கூடத்தில், அப்பாவின் பார்வை சமையலறை வாசலில் விழும்படி மாட்டப்பட்டிருக்கிறது. அம்மா அந்த வாசலில்தான் உட்கார்ந்து காய் நறுக்குகிறார்.