தெல்மாவுக்கு வந்த இன்டர்வியூ

எங்கள் பிஸ்கட் ஃபேக்டரியில் தெல்மா ஓல்ட்ராய்டைப் பிடிக்காத ஆள் ஒருத்திதான் உண்டு. அது நான். இருபத்திரண்டு வருஷம் அவளுக்குப் பக்கத்து லைனில் நின்று பார்த்தால் உங்களுக்கும் தெரியும். மேனேஜர் என்னைத் தாண்டிப் போய் அவளுக்குத்தான் குட்மார்னிங் சொல்வார். எனக்கு முதுகு பிடித்துக்கொண்ட வாரத்திலும் எல்லோரும் விசாரித்தது அவளுடைய முழங்காலை. விதவை, பிள்ளை இல்லை, சொத்தும் இல்லை. இருந்தும் எப்போதும் சிரித்த முகம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சூப்பர்வைசர் வேலை காலியானது. இருவருமே விண்ணப்பம் போட்டோம்.

இரண்டு வாரம் கழித்து, டீ நேரத்தில் தெல்மா என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அவ்ரில், கண்ணு, எனக்கு இன்டர்வியூன்னு லெட்டர் வந்திருக்கு. வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு."

எனக்கு ஒரு துண்டுக் காகிதமும் வரவில்லை. வயிறு எரிந்தது.

"கூட வேலை பாக்குறவங்க ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாமாம். நீ வர்றியா?"

"எதுக்கு, பவுடர் போட்டுவிடவா? எல்லாத்தையும் தனியாத்தானே சாதிச்சே. இதையும் தனியாவே போய் வாங்கிக்க."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை அவள் நீலக் கோட்டு மாட்டி, லிப்ஸ்டிக் பூசிக்கொண்டு ஆபீஸ் மாடிக்குப் போனாள். "மகாராணி பட்டம் சூட்டிக்கப் போறாங்க" என்றேன். பேக்கிங் பெண்கள் சிரித்தார்கள். அவள் காதிலும் விழுந்திருக்கும்.

மூன்று மணிக்குக் கீழே வந்து, லாக்கரைக் காலி செய்துவிட்டு, யாரிடமும் பேசாமல் போய்விட்டாள். யூனியன்காரர் கீத்திடம் கேட்டேன்.

"வேலையை விட்டு எடுத்துட்டாங்க" என்றார்.

"சூப்பர்வைசர் வேலைக்குத்தானே இன்டர்வியூ?"

"உனக்கு யாரு சொன்னா? இது விசாரணை. போன வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் அவ லைன்ல அவ இல்ல. பிஸ்கட்ல இரும்புத்துண்டு கிடக்குதான்னு பாக்குற மெஷினை யாரும் சோதிக்கல. அத்தனை சரக்கும் குப்பைக்குப் போச்சு. எங்க போனேன்னு திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. நானும் வெளியில வச்சுக் கேட்டேன். வாயே திறக்கல."

எங்கள் இங்கிலீஷின் லட்சணம் அது. வேலை கொடுக்கக் கூப்பிட்டாலும் இன்டர்வியூ, வேலையைப் பிடுங்கக் கூப்பிட்டாலும் இன்டர்வியூ. போலீஸ் பிடித்து உட்காரவைத்துக் கேட்டாலும் அதே சொல்தான். பொறாமை பிடித்த நான் எனக்கு வலிக்கிற அர்த்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அவள் எங்கே போனாள் என்பது எனக்குத் தெரியும். என் லைனில் நின்றாள். பல்வலி தாங்காமல், அனுமதி கேட்காமல், நான் டாக்டரிடம் ஓடியிருந்தேன். யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சியதும் நான்தான்.

கீத் எதிரேதான் நின்றார். சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வேலை போகும். அது மட்டுமில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன்: அங்கே போய் உட்கார்ந்தபோதும் அவள் என்னைவிட நல்லவளாக இருந்தாளே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பத்து நாள் கழித்து எனக்கும் கடிதம் வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். டீ கொடுத்தார்கள். கண்ணாடி போட்ட அம்மா ஒருத்தர் கேட்டார்:

"கூட வேலை பாத்தவங்களுக்கு நீங்க துணையா நின்ன ஒரு சம்பவம் சொல்லுங்க."

"இங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு பேக்கரியில இருந்தேன்" என்றேன். "அங்க ஒருத்திய விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. பயந்துபோய், கூட வர்றியான்னு கேட்டா. போனேன். தெரிஞ்ச உண்மையைச் சொன்னேன்."

எழுதிக்கொண்டே கேட்டார்: "அப்புறம் அவங்க என்ன ஆனாங்க?"

"வேலை தப்பிச்சுது. நல்லா இருக்கா."

மூவரும் தலையாட்டினார்கள். மறுநாளே என்னை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள்.